மணல்மேட்டைக் கும்பிட்ட தொலைநோக்கிகள்

உங்கள் ராசி என்ன என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள். அந்த ராசி இன்று மாலை வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடியுமா? கிழக்கிலா, மேற்கிலா, இல்லை சூரியனோடு சேர்ந்து மறைந்தே போயிற்றா? வாரபலனைத் தவறாமல் படிக்கிற பலரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் வாரபலன் பக்கத்தைத்தான் மறுபடி புரட்டினார்கள். தங்கள் தலைவிதியை எழுதுவதாக நம்பும் ஒன்றை இவர்கள் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

ஃபராங்கீஸ் கானுமிடம் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். ஈரானில், காஷான் நகரில் நான் குடியிருக்கும் சந்தில் மூன்றாவது வீடு அவருடையது. இங்கே பெண்களைக் கானும் என்றும் ஆண்களை ஆகா என்றும் மரியாதையாக அழைப்போம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேனின் பின்சீட்டுக்கு அடியில், கம்பளியில் சுற்றிய ஒரு தொலைநோக்கி எப்போதும் கிடக்கும். பழையது, மோட்டார் கிடையாது. தாங்கியில் இரண்டு வட்டத் தகடுகள், அவற்றில் எண்கள்.

வானத்துக்கும் விலாசம் உண்டு என்பார் அவர். பூமியில் அட்சரேகை, தீர்க்கரேகை மாதிரி அங்கே வடக்கு தெற்கைப் பாகையிலும், கிழக்கு மேற்கை மணியிலும் நிமிடத்திலும் குறிப்பார்கள். வானம் ஒரு நாளில் ஒரு சுற்று வருவதால்தான் அந்த மணிக்கணக்கு.

சந்துப் பெண்கள் அவரைச் சும்மா விடுவதில்லை. "என் நட்சத்திரத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க கானும், என் பொண்ணுக்கு வரன் அமையுமா?" என்பார்கள்.

"ஒங்க நட்சத்திரம் இப்ப சூரியனுக்குப் பின்னாடி போயிருச்சு. ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள பொண்ணுகிட்டயே கேட்டுட்டு வந்துருங்க, அவளுக்குக் கல்யாணம் வேணுமான்னு."

எங்கள் நவ்ரூஸ் புத்தாண்டு நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் வானத்தின் நடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கும் அந்த நொடியில், அது பகலோ இரவோ, பிறக்கும். வானத்தின் விலாசக் கணக்கில் இரண்டு எண்ணும் பூஜ்யமாகும் இடம் அதுதான். நாடு முழுவதும் முளைகட்டிய கோதுமையும் ஆப்பிளும் பூண்டும் வைத்த விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து அந்த நொடிக்காகக் காத்திருக்கும். சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தது என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். "மேஷம் இல்ல, மீனம். வானம் நகந்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சு, இவங்க இன்னும் நகரல," என்று ஃபராங்கீஸ் கானும் ஆண்டுதோறும் திருத்துவார். அவருடைய மைத்துனர் ஆண்டுதோறும் கோபித்துக்கொள்வார்.

புத்தாண்டை ஒட்டி எங்கள் ஊர் வானியல் ஆர்வலர் சங்கத்தினர் பாலைவனத்துக்குப் போவது வழக்கம். மங்கலான வான்பொருள்கள் நூற்றுப்பத்தைக் கொண்ட பழைய பட்டியல் ஒன்று உண்டு. வசந்தத்தின் சில இரவுகளில் மட்டும் அந்தியில் தொடங்கி விடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். முதல் சவால் எழுபத்துநாலாம் எண் விண்மீன்மண்டலம். மேற்கே வெளிச்சம் வடியும்போதே அதுவும் அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு அநியாயம் இருந்தது. பெண்கள் எட்டு மணி வரைதான் இருக்கலாம். அதன்பிறகு அவர்களை ஊருக்கு ஏற்றிப்போக ஒரு பஸ் வரும். பாதுகாப்பாம். பாலைவனத்தில் யாரிடமிருந்து பாதுகாப்பு? அங்கே இருந்தது சங்கத்து ஆண்கள் மட்டும்தான். ஆக, ஆண்களுக்கு நூற்றுப்பத்து, பெண்களுக்கு இரண்டோ மூன்றோ.

இரண்டு ஆண்டுகள் ஃபராங்கீஸ் கானும் அந்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். மூன்றாம் முறை, சங்கத் தலைவர் சொஹ்ராபியை நேராகப் பிடித்தார். சொஹ்ராபி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"தெனமும் பன்னெண்டு பிள்ளைங்கள நான் பத்திரமா கொண்டுபோய்ச் சேக்குறேன். என்னையப் பத்திரமா கொண்டுபோக ஒரு பஸ்ஸா?"

"விதி நான் போட்டதில்ல கானும்."

"எடுக்குறது ஒங்க கையிலதான இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் சொஹ்ராபிக்குச் சூடேறிவிட்டது. "சரி. பஸ் கெளம்புறதுக்குள்ள எழுபத்துநால நீங்க பிடிச்சுக் காட்டுங்க. பஸ்ஸ காலியா அனுப்புறேன்."

அவரோடு வந்திருந்த பெண்கள் ஐந்து பேர். அத்தனை பேருடைய இரவும் அந்தப் பழைய தொலைநோக்கியில் தொங்கியது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மெலிந்த பிறை மேற்கே நின்றது. ஆண்களிடம் மோட்டார் வைத்த தொலைநோக்கிகள் இருந்தன. விண்மீன்களை வைத்துச் சரிபார்க்க நேரமில்லை. ஊரையும் கைபேசி காட்டிய மணியையும் கருவியில் தட்டினார்கள். கோடைகால நேரமா என்று கருவி கேட்டது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் அந்த வழக்கத்தைத்தான் அரசு அந்த ஆண்டு ஒழித்துவிட்டதே, இல்லை என்று அழுத்தினார்கள். ஃபராங்கீஸ் கானும் கைபேசியில் மணி பார்த்து, மனக்கணக்குப் போட்டு, தகடுகளைத் திருப்பினார். குனிந்து பார்த்தார். தலைகீழாக ஒரு முட்புதர் தெரிந்தது.

மறுபடி கணக்கிட்டார். மறுபடியும் புதர்தான். நிமிர்ந்தார். வரிசையில் நின்ற ஐந்து தொலைநோக்கிகளும் அதே மணல்மேட்டைக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தன.

"எல்லாரும் சேந்து ஒரே புதரைக் கண்டுபிடிச்சிருக்கோம்," என்றார் அவரோடு வந்த பெண்களில் ஒருவரான மொனீரே. அவர் மருத்துவமனைத் தாதி.

அப்போது பஸ் வந்து நின்றது. சொஹ்ராபி கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "எட்டு மணிக்கு வரச் சொன்னா எட்டரைக்கு வர்ற?"

ஓட்டுநர் கொத்ரத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சாவி கொடுத்து ஓடும் கடிகாரம். "எட்டரையா? ஏழரைதான் ஆவுது ஆகா. அரைமணி முன்னாடியே வந்துட்டேன், அதுக்கும் திட்டா?"

ஃபராங்கீஸ் கானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் மாறியது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கைபேசிகளுக்குத் தெரியவில்லை. பழைய பழக்கத்தில் அவை முந்தின நள்ளிரவே ஒரு மணி முன்னால் குதித்துவிட்டன. ஆண்டுதோறும் இதே நாளில் குதிப்பதுதான் என்பதால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒரு மணி என்றால் வானத்தில் பதினைந்து பாகை.

"சொல்லாதீங்க கானும்," என்று மொனீரே முழங்கையால் இடித்தார். "மொதல்ல நாம புடிப்போம்."

"மணிய மறைச்சு ஜெயிக்கிறதுக்கு நான் என்ன சோசியமா பாக்குறேன்?" என்றவர் உரக்கக் குரல் கொடுத்தார்: "எல்லாரும் ஒரு மணி கொறைச்சுக்குங்க."

தான் மட்டும் கடிகாரத்தை விட்டுவிட்டார். மேஷ ராசியின் பிரகாசமான ஹமல் விண்மீன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தொலைநோக்கியை அதில் நிறுத்தி, மணித்தகட்டை ஹமலின் விலாசத்துக்குத் திருப்பி வைத்தார். அங்கிருந்து மேற்கே அரைமணி, தெற்கே ஏழே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைய. குனிந்தார். நிமிர்ந்து சொஹ்ராபியைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"வாங்க ஆகா. பாருங்க."

சொஹ்ராபி பார்த்தார். "ஒண்ணுமில்லையே."

"கொழாய லேசாத் தட்டுங்க. மங்கலானது அசைஞ்சாத்தான் கண்ணுக்குப் படும்."

தட்டினார். வட்டமான ஒரு புகைத்தீற்றல் அசைந்தது. "இருக்கு," என்றார் மெதுவாக. அதே நேரம் வரிசையின் கடைசியிலிருந்தும் "கெடச்சிருச்சு" என்று ஒரு குரல். சொஹ்ராபிக்கு முகம் மலர்ந்தது. "பாருங்க கானும், அவரும் புடிச்சிட்டாரு. அப்ப நீங்க ஜெயிச்சதா ஆகாது."

"அவரு ஜெயிச்சிருந்தா அவர பஸ்ல ஏத்தி அனுப்பிடுங்க," என்றார் மொனீரே.

இந்த வாக்குவாதத்தில் கொத்ரத்தை யாரும் கவனிக்கவில்லை. அவர் பஸ்ஸின் எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபராங்கீஸ் கானுமின் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தார். "இந்த மாதிரி எத்தன இருக்கு?"

"நூத்திப்பத்து."

"அப்ப நான் காலையிலதான் போவேன்," என்றார் கொத்ரத். "மீதிய யாரு எனக்குக் காட்டுறது?"

பெண்கள் ஆறு பேரும் ஏற்கெனவே போர்வைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடியும்போது ஃபராங்கீஸ் கானும் நூற்றொன்பது பார்த்திருந்தார். கடைசி ஒன்றைச் சூரியன் விழுங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு அறிவிப்பில், பெண்கள் எட்டு மணி வரைதான் என்ற வரி இல்லை. சொஹ்ராபி அதை நீக்கவில்லை. அறிவிப்பைத் தட்டச்சு செய்த மொனீரே நீக்கினார். சொஹ்ராபி கவனிக்காதது போல் கையெழுத்திட்டார்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எட்டு மணிக்கு வரும் பஸ் எங்கள் ஊரில் மட்டும் ஓடவில்லை. உங்கள் ஊரிலுள்ள பெண்கள் விடுதிக்கு நாளைக்கே போய், இரவில் மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதைத் திறக்க வையுங்கள்.