விஸ்வகர்மா பூஜையன்று ஒரு நட்டு

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நீல நிறம், முப்பத்தாறு சீட்டு, பின்பக்கம் ஒரு கதவு. அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தது சாட்சாத் என் வீட்டுக்காரர்தான். தொண்ணூறுகளின் நடுவில் கல்கத்தாவில், பவானிபூரில் குடியிருந்தோம். அவருடைய ஆபீஸில் ஊழியர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய பஸ்ஸை, இனி உதவாது என்று ஏலம் விட்டார்கள். எட்டு வருஷம் அதே ஜன்னலோர சீட்டில் தூங்கியபடியே ஆபீஸ் போன மனுஷன், வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கையைத் தூக்கிவிட்டார். வேறு யாரும் தூக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒரு சின்ன விஷயம். பஸ் ஒண்ணு வாங்கிருக்கேன்" என்றார்.

"பஸ் பாஸா?"

"பஸ்."

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. நான் திருச்சிக்காரி. அவர்கள் மூன்று தலைமுறையாகக் கல்கத்தா; அவர் தூக்கத்தில் உளறுவதுகூட வங்காளத்தில்தான். எனக்குத் தெரிந்த வங்காளமோ ஒரு காய்கறிக் கூடைக்குள் அடங்கிவிடும். வாரம் ஒருமுறை லேக் மார்க்கெட் போய், காப்பிப்பொடி வாங்குகிற சாக்கில் கடைக்காரரிடம் தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால்தான் எனக்கு மூச்சே வரும்.

அப்படி இருக்கும்போது, கடவுள் கண்ணைத் திறந்த மாதிரி, திருச்சிக்கு மாற்றல் வேண்டுமா என்று கேட்டு ஆபீஸிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து பார்த்தாள். அப்பா அந்த வாரமே உறையூரில் வீடு பார்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்து, கடிதம் போட்டுவிட்டார். இவரோ கடிதத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ஜன்னல் வழியாக பஸ் நிற்கிற திசையைப் பார்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் நின்றது இரண்டு தெரு தள்ளி, ஒரு சந்துக்குள் இருந்த கராஜில். எஞ்சின் சூடாகிப் புகைந்துகொண்டு எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எஞ்சினின் மேல்மூடியை, மெக்கானிக் பாஷையில் ‘ஹெட்’டை, கழற்றினால்தான் உள்ளே என்ன கேடு என்று தெரியும், கழற்ற முடியாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் என்று கராஜ் மெக்கானிக், அந்த ஊர் வழக்கில் மிஸ்திரி, சொல்லியிருந்தார். அதை வைத்து நாங்கள் ஒரு ஒப்பந்தம் போட்டோம். மாற்றலுக்குச் சம்மதம் சொல்லக் கடைசி நாள் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள். பூஜையன்று சாயங்காலத்துக்குள் ஹெட் கழன்றால் கல்கத்தா. கழலாவிட்டால் பஸ்ஸைத் தலைமுழுகிவிட்டுத் திருச்சி. கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு அந்த எஞ்சின் பண்ணிய அழிச்சாட்டியம் இருக்கிறதே! ஹெட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நட்டுகள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார்கள். நெருப்பால் சுட்டு, சூட்டோடு மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மெழுகு உருகி மரைக்குள் இறங்குகிறதா என்று, குழந்தை மூச்சுவிடுகிறதா எனப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்கள். ஒன்று அசைந்தால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார். "இன்னிக்கு ரெண்டு வந்துடுச்சு!" ஒரு நட்டு பாதியில் உடைந்தபோது சாப்பிடவே இல்லை. நான் இரண்டு அப்பளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். பூஜைக்கு முந்தின நாள், ஒன்றே ஒன்று பாக்கி. பின்பக்க மூலையில் அடுப்புக்கரி நிறத்தில், மிஸ்திரிகள் மூன்று பேர் தொங்கியும் அசையாத நட்டு. அதற்கு நான் மனசுக்குள் கற்பூரம் காட்டினேன்.

பூஜையன்று காலையில் கராஜுக்குப் போனவர் பதினோரு மணிக்கு முகம் தொங்கத் திரும்பி வந்தார்.

"யாரும் கையே வைக்க மாட்டேங்கறாங்க. ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் சாமி முன்னாடி பூ போட்டு வச்சாச்சு. நாளைக்குத்தான் எடுப்பாங்களாம்."

"நம்ம ஆயுத பூஜை மாதிரியா?"

"அதேதான். நமக்கு அது அடுத்த மாசம்தானே? அதனால நான் கழட்டினா தோஷமில்லையாம். மிஸ்திரியே சொல்லிட்டார்."

பஸ்ஸுக்குள் டிரைவர் சீட்டின் அடியில் ஒரு ஸ்பேனர் பூஜையில் வைக்கப்படாமல் தப்பித்திருந்ததாம். தட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை, கடைகளும் மூடியிருக்கின்றன, வீட்டில் கனமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, திருச்சியிலிருந்து ரயிலில் நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த அம்மிக் குழவியை எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மத்தியானம் சாம்பார் சாதத்தைத் தூக்கில் போட்டுக்கொண்டு நானும் போனேன். பாசத்தால் ஒன்றும் இல்லை, தோற்பதைக் கிட்டே நின்று பார்க்கத்தான்! கராஜ் ஒரே அமர்க்களம். மீசை வைத்த விஸ்வகர்மா யானைமேல் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் ஸ்பேனர்கள் செவ்வந்திப் பூவுக்குள் தூங்குகின்றன. ஸ்பீக்கர் அலறுகிறது. மொட்டைமாடி எங்கும் பட்டம், ஒரு பட்டம் அறுந்தால் தெருவே "போ கட்டா!" என்று கத்துகிறது. மிஸ்திரிகள் எல்லோரும் புதுச் சட்டையில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இலைத்தொன்னையில் கிச்சடி சாப்பிட்டபடி, பஸ்ஸுக்குள் பார்த்து யோசனை சொல்கிறார்கள். உள்ளே, டிரைவர் பக்கத்தில் பானெட்டைத் திறந்துபோட்ட எஞ்சின்மேல் மண்டியிட்டு, என் வீட்டுக்காரர் குழவியால் ஸ்பேனரைத் தட்டிக்கொண்டிருந்தார். மூக்கில் கிரீஸ், காதில் கிரீஸ். நட்டு இருந்த இடத்தில் இருந்தது.

தலைமை மிஸ்திரி ஐம்பது வயது வங்காளி, நெற்றியில் பெரிய திலகம். அவர் கிச்சடியை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "தாதா, பார்பேன் நா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, இவருக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன். "பார்ப்பேன் நான்னு சுத்தமா சொல்றாரே!"

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமா, கொஞ்சம் கொஞ்சம்" என்றார்.

அடடா, எங்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு அந்த மிஸ்திரியின் மேல் அப்படி ஒரு பிரியம். அதே சமயம் ஒரு யோசனையும் வந்தது. நாளைக்குத் திருச்சிக்கு மூட்டை கட்டும்போது, நீ ஒரு துரும்பையாவது நகர்த்தினாயா என்று இவர் என்னைக் கேட்டுவிடக் கூடாது. ஒப்புக்கு நானும் நாலு தட்டுத் தட்டிவைப்போம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். "நகருங்க, நான் பாக்கறேன்."

கட்டிலில் ஒரே சிரிப்பு. மிஸ்திரி எழுந்து ஜன்னலுக்கே வந்துவிட்டார். "பௌதி, பார்பேன் நா."

அண்ணனுக்கு அங்கே தாதா, அண்ணிக்கு பௌதி என்பார்கள், அந்த மட்டும் எனக்குத் தெரியும். "பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, குழவியால் பூப்போலத் தட்டினேன்.

"பார்பேன் நா, பௌதி!"

"அதான் பாருங்கன்னு சொல்லிட்டேனே! எத்தனை தடவை சொல்றது?"

என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர். "ஐயோ, அவர் பாக்கறேன்னு சொல்லலம்மா. உன்னால முடியாதுன்னு சொல்றார். என்னையும் காலையிலேருந்து அதேதான் சொல்லிக்கிட்டிருக்கார்."

"என்னது?"

"பார்பேன் நான்னா, உங்களால முடியாது."

எனக்கு வந்ததே கோபம்! யாரைப் பார்த்து? எட்டு பேருக்கு அரைத்துக்கொட்டின கை இது! திருச்சி, உறையூர், குழாய்த் தண்ணீர் எல்லாம் மறந்துபோனது. ஸ்பேனரை நட்டில் மாட்டி, குழவியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"அந்தப் பக்கம் இல்லடி! அது முறுக்கற பக்கம்!" என்று கத்தினார் இவர்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன!" இன்னொரு போடு.

க்ரீச் என்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது. தப்பான பக்கம்தான், ஒரு நூலளவுதான், ஆனால் அசைந்துவிட்டது. கட்டிலில் இருந்தவர்கள் தொன்னையோடு எழுந்து நின்றார்கள். மிஸ்திரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் பொரிந்து தள்ள, இவர் தமிழில் சொன்னார்: துரு விட்டுவிட்டது, சில நட்டை முதலில் கொஞ்சம் முறுக்கினால்தான் பிடி விடும், இப்போது மறுபக்கம் தட்டு! அதெல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு அடித்தேன். சுற்றியது! கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு விரலாலேயே. கடைசியில் என் உள்ளங்கையில் சுடச்சுட வந்து உட்கார்ந்தது.

அதோடு முடியவில்லை. நட்டு வந்தாலும் ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தது. மிஸ்திரி சொல்லச் சொல்ல, நாலு நட்டை மட்டும் இரண்டு சுற்று மாட்டினோம், மூடி பறந்துவிடாமல் இருக்க. இனி ஸ்டார்ட் செய்தால் எஞ்சினின் மூச்சே மூடியைத் தள்ளிவிடுமாம். இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார். உர்... உர்... டொப்! ஹெட் ஒரு விரற்கடை எழும்பியது. பழுப்புத் தண்ணீர் என் புடவையெல்லாம். "கழண்டுடுச்சு! கழண்டுடுச்சு!" என்று நான் இருந்த இடத்தில் குதித்தேன். சங்கு ஊதினார்கள். யாரோ என் வாயில் சந்தேஷை, அந்த ஊர்ப் பால் இனிப்பை, திணித்தார்கள். மிஸ்திரி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை, சத்தியமாக.

சந்தேஷ் பாதி வாயில் இருக்கும்போதுதான் உறைத்தது. ஐயையோ. திருச்சி போச்சே!

பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் சிரிப்பு நிற்கவில்லை, இன்னொரு பக்கம் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகம் கண்முன்னால் வந்தது. ஆத்திரம் யார்மேல் என்றும் தெரியவில்லை.

இவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் கொப்புளம்.

"அழாதம்மா. சத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்குச் சம்மதம்னு எழுதிக் குடுத்துடறேன். பஸ் போனாப் போகட்டும்."

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவர் பொய் சொன்னால் காதைச் சொறிவார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வாயை மூடுங்க" என்றேன். "மூணு வாரமா மூணு ஆம்பளைங்க தொங்கி அசையாததை நான் ஒருத்தி கழட்டிருக்கேன். அதைப் பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போவான், நான் திருச்சியில உக்காந்துக்கிட்டு இருக்கணுமா?"

மறுநாள் அவர் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குக் கடிதம் எழுதுவதுதான் என் பாடு. உறையூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டதாக அன்று காலைத் தபாலில் எழுதியிருந்தார். கொப்புளத்தில் பேனா பிடிக்க முடியாமல் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவது முறை இவ்வளவுதான் எழுதினேன்: "அப்பா, நாங்கள் வரவில்லை. மாப்பிள்ளையைத் திட்டாதீர்கள். கழற்றியது நான்."