வேலிக்கு இரண்டு ராசாக்கள்

எங்கள் வீட்டில் சிரிப்பதற்கென்றே ஒரு புத்தகம் இருந்தது. அப்பா வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீனி சுற்றிக் கொடுப்பதற்காகப் பழைய தாள்கள் கட்டுக்கட்டாக வரும். அப்படி வந்த கட்டொன்றுக்குள் அது கிடந்தது. உள்ளே முழுக்க நூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரக் கேலிச்சித்திரங்கள். தொப்பை ராசாக்கள், மீசை மந்திரிகள், கட்டித் தழுவியபடியே மற்றவரின் சட்டைப்பைக்குள் கைவிடும் தூதுவர்கள். இதைக் கிழித்துச் சீனி சுற்ற அப்பாவுக்கு மனம் வரவில்லை.

உரும்பிராயில் அந்தப் படங்களை ரசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. மற்றவர் அம்மாவின் தமையன், எங்கள் மாமா. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் இருவரும் விறாந்தையில் குந்தியிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். கீழே இருக்கும் ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை என்பதால் ஒருவர் சொல்லும் விளக்கத்தை மற்றவர் மறுப்பதில்லை. அவர்களுக்கு மிகப் பிடித்தது ஒரு மேசைப் படம். உலகப் படத்தையே மேசை விரிப்பாக விரித்து, நாலு ராசாக்கள் நாலு மூலையையும் ஒரு கையால் இழுப்பார்கள். மறு கையால் கைகுலுக்குவார்கள். பின்னால் ஒரு பெண் தேநீர்த் தட்டை வைக்க இடமில்லாமல் நிற்பாள்.

"பார் மச்சான், ஒரு துணித்துண்டுக்கு அடிபடுறாங்கள், வெக்கங்கெட்டவங்கள்" என்று மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்.

அந்த வருஷம் வேலி அடைக்கும் முறை மாமாவுடையது. உக்கிய கதியால்களைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தடிகள் நட்டிருந்தார். வேலையால் வந்த அப்பா சைக்கிளை விட்டு இறங்கமுன்னரே கண்டுபிடித்துவிட்டார்: வேலி எங்கள் பக்கம் ஒரு சாண் வந்துவிட்டதாம். மாமாவின் கணக்கு வேறு. போன முறை அப்பா அடைத்தபோது இந்தப் பக்கம் வந்திருந்த சாண்தான் இப்போது ஊர் திரும்பியிருக்கிறதாம். அன்றோடு கதைபேச்சு நின்றது.

வேலியில் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. பொட்டு என்போம். அம்மாவும் மாமியும் கறி மாற்றுவதும் ஊர்ப்புதினம் மாற்றுவதும் அதற்குள்ளால்தான். அப்பா எங்கள் பக்கம் பனையின் கறுக்கு மட்டை வைத்து அதை அடைத்துக் கட்டினார். மாமா தன் பக்கம் முள்ளுக்கம்பி சுற்றினார். இருவரும் ஒற்றுமையாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

அம்மாவுக்குத் தமையன் என்றால் உயிர். பொட்டு அடைத்த பிறகும் வழக்கம்போல அவருக்கும் சேர்த்தே சமைத்தார். ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பார். பிறகு அதை எங்களுக்கே போடுவார்.

"அண்ணைக்கு இதை ஒருக்கால் குடுத்திட்டு வரட்டே?" என்று ஒருநாள் கேட்டார்.

"வேலி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் இஞ்சையிருந்து ஒருத்தரும் போகத் தேவையில்லை" என்றார் அப்பா. அம்மா கிண்ணத்தை மூடினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. கொப்பித்தாளில் ஒரு படம் கீறினேன். இடுப்பில் சாரமும் தலையில் முடியும் தரித்த இரண்டு ராசாக்கள் வேலிக்கு இரு புறமும் நின்று ஒரு பாயை இழுக்கிறார்கள். நடுவில் பொட்டு வெறுமையாகக் கிடந்ததால் அதற்குள் கிண்ணத்தோடு அம்மாவை நிற்கவைத்தேன். நல்லாயிருக்கிறதா என்று கேட்கத்தான் ஆளில்லை. விஷயம் தெரிந்த இருவரும் ராசாக்களாக நின்றார்கள்.

சண்டைக்கு முன்னர் கொண்டுபோன கேலிச்சித்திரப் புத்தகம் மாமா வீட்டிலேயே இருந்தது. "எங்கடை புத்தகத்தைத் தரட்டாம் எண்டு போய்ச் சொல்லு" என்று அப்பா என்னை அனுப்பினார். ஒழுங்கையால் சுற்றிப் போய், துணிந்து படத்தை மாமாவிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"பென்சில் வைச்சிருக்கிறியோ பிள்ளை? உன்ரை கொப்பருக்கு மூக்கு இவ்வளவு சின்னனே?"

மூக்கை வேலி வரைக்கும் நீட்டி, படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துத் தந்தார். அப்பா திறந்து பார்த்தார். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "உவரின்ரை வண்டியைக் குறைச்சுக் கீறியிருக்கிறாய்" என்று மாமா ராசாவின் வயிற்றைப் பெருப்பித்தார். "புத்தகத்தில ஒரு பக்கத்தைக் காணேல்லை எண்டு சொல்லி, இதையும் காட்டிப்போட்டு வா."

ஒரு கிழமையில் ஆறு தடவை நடந்தேன். மூக்கு வேலியைத் தாண்டியது. வண்டி வேலிக்கு மேலேறிக் குந்தியது. இருவருக்கும் கழுதைக் காது முளைத்தது. இந்த விறாந்தையிலும் அந்த விறாந்தையிலும் தனித்தனியே சிரிப்புக் கேட்டது. ஆனால் வேலி ஓர் அங்குலமும் அசையவில்லை, பொட்டும் திறக்கவில்லை. என்னுடைய படம் என்று சொல்ல அதில் அம்மாவைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கோபத்தில் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அம்மா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இது நானோ?"

"ஓம்."

"கிண்ணத்துக்குள்ளை என்ன?"

"கத்தரிக்காய்க் குழம்பு."

அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகினார். கத்தியை எடுத்துக்கொண்டு நேரே வேலிக்குப் போனார். கட்டுகளை அறுத்துக் கறுக்கு மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தெறிந்தார். உள்ளங்கையில் இரத்தம் கசிந்தது.

"இஞ்சேரும், என்ன செய்யிறீர்?" என்று அப்பா எழும்பினார்.

"நான் போகப்போறன்" என்றார் அம்மா, திரும்பாமலே.

சத்தம் கேட்டு அந்தப் பக்கம் வந்த மாமா முள்ளுக்கம்பியைக் கழற்றத் தொடங்கினார். "கவனம் அண்ணை, கையைக் கிழிக்கும்" என்றார் அம்மா. பிறகு கிண்ணத்தோடு குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்குத் தட்டுப்படாமல் குனிந்து போனார். அந்தச் சாணைப் பிறகு யாரும் அளக்கவில்லை.

கடைக்குப் போவதென்றாலும் அப்பாவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போகிற அம்மாவுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். எல்லாம் என் படத்தின் மகிமை என்று முடிவு கட்டினேன்.

போன வருஷம் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டுவதற்காக அம்மாவின் பெட்டியிலிருந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தோம். சீதன உறுதி. அம்மாவின் பெற்றோர் மகளுக்கு எழுதியது. அதில் அப்பாவின் பெயர் இல்லை, மாமாவின் பெயர் இல்லை. இரண்டு ராசாக்களும் இழுத்த பாய் அம்மாவுடையது. மடிப்புக்குள் என் படம் இருந்தது. மூக்கும் வண்டியும் காதுமாகத் தாள் முழுக்கத் திருத்தம். பொட்டுக்குள் நின்ற அம்மாவில் மட்டும் ஒரு கோடுகூட மாறவில்லை. அவரை மட்டும்தான் நான் பிழையில்லாமல் கீறியிருக்கிறேன், அதனால்தான் இருவரும் தொடவில்லை என்று பத்து வயதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் அங்கே நின்றது இருவரின் கண்ணிலும் படவேயில்லை என்பது உறுதியைப் படித்த பிறகுதான் விளங்கியது.