கப்பலுக்கு வாங்கிய தங்கம்

வீரம்மா தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தங்கம் வாங்கினார். அதையும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறுவதற்காக வாங்கினார்.

1983 ஜூலைக் கலவரத்தில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. மடுல்கெல்லையில் அவர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கு யாரும் தீ வைக்க வரவில்லை. ஆனாலும் லயத்து வரிசை வீட்டுச் சனம் சில நாட்கள் பிள்ளைகளோடு தேயிலைக்குள் படுத்தது. அதோடு கணவர் காளிமுத்து முடிவெடுத்துவிட்டார். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளி என்று எப்போதோ விண்ணப்பித்துக் கிடப்பில் கிடந்த இந்தியப் பாஸ்போர்ட்டைக் கண்டிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கினார். தோட்டத்தில் இருவர் பெயரையும் வெட்டினார்கள். இத்தனை வருட வேலையில் பிடித்து வைத்த சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தது.

அந்தப் பணத்தை எல்லோரும் தங்கமாக்கினார்கள். காசாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் ஆயிரம் கேள்வி, உடம்பில் போட்டிருக்கும் நகையை அவ்வளவாகத் தொடமாட்டார்கள் என்று மலையெங்கும் பேச்சு. லயத்துப் பெண்கள் பலர் கல் வைத்த அட்டியலும் பூ வேலைச் சங்கிலியும் வாங்கினார்கள். வீரம்மா நகைக்கடையில் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"அந்தக் கரையில இத வித்தா என்னென்ன கழிப்பாங்க?"

கல்லின் எடை கழியும், உள்ளே ஊற்றிய மெழுகு கழியும், செய்கூலி திரும்ப வராது என்றார் கடைக்காரர். வீரம்மா ஒரு கோடுகூட இல்லாத ஆறு மொட்டை வளையல்கள் கேட்டார், ஒவ்வொன்றும் ஒரு பவுனில்.

"வளையலாடி இது?" என்றார் காளிமுத்து. "பீப்பாய்க்கு அடிக்கிற பட்டை மாதிரி இருக்கு."

"பட்டைன்னு நெனச்சு சுங்கத்துக்காரன் விட்டுட்டா நல்லதுதான்."

சுங்கத்துக்காரன் அதைப் பார்க்கவேயில்லை. அவர்களுடைய முறை வருவதற்குள் போர் கடலுக்கும் வந்துவிட்டது, கப்பல் நின்றது. தோட்டத்தில் பெயர் இல்லை. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, போவதற்கு வழி இல்லை. இருவரும் நாலு வயது மகன் முத்துலிங்கத்தோடு கம்பளையில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். காளிமுத்து சந்தையில் மூட்டை தூக்கினார். வீரம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் திருவினார்.

காகிதத்தில் அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் பெயரில் காணி எழுத முடியாது. அடையாள அட்டை இல்லாமல் வங்கிக்குள் போனால் காவலாளியே திருப்பி அனுப்புவார். பெயர் கேட்காத சொத்து ஒன்றுதான் இருந்தது, அதுவும் அறைக்கூரையில் சொருகி வைக்கிற பொருள் இல்லை.

கண்டியில் மயில்வாகனத்தார் அடகுக்கடை வைத்திருந்தார். ஜூலையில் எரிந்து மறுபடி கட்டிய கடை. கடை எரிந்தபோதும் உள்ளேயிருந்த இரும்புப் பெட்டி தாங்கிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். வீரம்மா அந்தப் பெட்டியைத் தேடித்தான் போனார்.

"என்ன பகிடியே?" என்றார் மயில்வாகனத்தார், வளையல்களை உரைத்துப் பார்த்துவிட்டு. "ஆறு பவுனுக்கு இருநூறு ரூபா போதுமெண்டுறீங்கள். நான் ஆயிரக்கணக்கில தருவன்."

"காசு வேணாங்க ஐயா. பெட்டி வேணும்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தார். "ஓம் ஓம். பெட்டிக்கு வாடகையெண்டு வட்டி கட்டப் போறீங்கள்."

கலவரத்துக்குப் பிறகு கண்டியில் இப்படிச் செய்தவர் வீரம்மா மட்டுமல்ல. ஆகக் குறைந்த தொகைக்கு அடகு வைப்பது, தவணை முடியுமுன் மீட்பது, மீட்ட கையோடு திரும்ப வைப்பது. வருடத்துக்கு ஒரு முறை வீரம்மா கம்பளையிலிருந்து பஸ் ஏறி வந்து இதைச் செய்தார். வந்த இடத்தில் பவுன் விலையையும் கேட்டுக்கொள்வார்.

அந்த விலை அவரைப் பணக்காரி ஆக்கவில்லை. ரூபாயின் மதிப்பு விழ விழப் பவுன் விலை மெல்ல ஏறியது, ஆனால் அரிசியும் வாடகையும் அதைவிட வேகமாக ஏறின. அந்தக் காலத்தில் வங்கியில் நிலையான வைப்பில் போட்டவர்களுக்கு இதைவிட நல்ல வருமானம் வந்தது. தங்கம் வட்டி தராது, குட்டி போடாது. வீரம்மாவின் தங்கம் வருடா வருடம் வட்டி தின்றது.

ஒருமுறை காளிமுத்து ஒரு நிதிக் கம்பனியின் பெயரோடு வந்தார். போட்ட பணம் நாலு வருடத்தில் இரட்டிப்பாகுமாம். வீரம்மாவும் சம்மதித்துப் போனார். கம்பனிக்காரர் அடையாள அட்டை கேட்டார். இல்லையென்றதும் கதவு வரை வந்து வழியனுப்பினார். கொஞ்ச காலத்தில் கம்பனி இழுத்து மூடப்பட்டது. பணம் தப்பியதைத் தன் கெட்டித்தனம் என்று வீரம்மா ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

1999 அளவில் மயில்வாகனத்தாருக்கே நம்பிக்கை போய்விட்டது. "வீரம்மா, இதை வித்துப்போடுங்கோ. உலகத்துப் பெரிய வங்கியளே தங்கத்தை விக்குதாம். இனி இது எழும்பாது."

முத்துலிங்கம் அப்போது இளந்தாரி. வாடகைக்குத் த்ரீவீல் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். "பெரிய பெரிய வங்கியே விக்குதும்மா. நீங்க அவுங்களவிடப் புத்திசாலியா?"

"அவுங்களுக்கு வேற எடம் இருக்குடா வைக்க. நமக்கு எங்க இருக்கு?"

மகன் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். வாடகை வண்டியையே ஓட்டினான்.

அடுத்த சில வருடங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, விலை. மயில்வாகனத்தார் ஒவ்வொரு வருடமும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொல்லும் அளவுக்கு ஏறத் தொடங்கியது. மற்றது, 2003இல் வந்த சட்டம். நாடற்றுக் கிடந்த மலையக மக்களுக்கும், இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் அது குடியுரிமை கொடுத்தது. வீரம்மாவுக்கு அடையாள அட்டை கிடைத்தபோது தலை நரைத்திருந்தது.

2005இல் கெலிஓயா வியாபாரி ஹபீல், அந்த ஊருக்கு மேலே ஒரு சரிவில் இருந்த காணியிலிருந்து ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவுக்கு ஐந்து பேர்ச்சஸ் விற்கப்போவதாகச் செய்தி வந்தது. மழைக்கு வழுக்கும் இடம். ஆனாலும் பாதை உண்டு, பக்கத்தில் கிணறு உண்டு. ஆறு வளையலின் விலையும் காணியின் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

இத்தனை வருடமாக விற்கச் சொன்ன வீட்டில் இப்போது யாருக்கும் விற்க மனமில்லை.

"பொறுங்கம்மா," என்றான் முத்துலிங்கம். "மாசா மாசம் ஏறுது. ரெண்டு வருசம் போனா இதே வளையலுக்குப் பத்து பேர்ச்சஸ் வாங்கலாம்."

மயில்வாகனத்தாரும் அதையே சொன்னார். "இப்பதானே எழும்புது. இந்த நேரத்தில விடுறவைக்கு மூளையில விசர்."

ஹபீல் அவசரத்தில் இருந்தார். அவர் மகள் றமீலாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. அதே விலையேற்றத்தை அவர் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு மாதமும் மகளின் நகைச் செலவு கூடிக்கொண்டே போனது.

"வீரம்மாக்கா, கம்பளையில ஒரு பெரிய மாத்தயா காணிய வாங்கச் சல்லியோட நிக்கிறாரு," என்றார். "கலியாணத்த நோன்புக்கு முந்தி முடிக்கணும். நீங்க தாரதா இருந்தா எனக்குச் சல்லியும் வாணாம். பொன்னாவே தாங்க. நீங்க கடையில வித்து, நான் கடையில வாங்கி, ரெண்டு பேருட்டையும் கடைக்காரன் ஏன் கழிக்கணும்?"

வீட்டுக்கு வந்ததும் காளிமுத்து கேட்டார். "என்னடி சொல்ற? இருபது வருசம் வச்சிருந்த. இன்னும் ரெண்டு வருசத்துக்கு என்ன?"

"ரெண்டு வருசத்துல அந்த மாத்தயா அங்க வீடு கட்டிருவாரு."

"வேற காணி வரும்."

"வரும். அப்பவும் தங்கம் ஏறிக்கிட்டுதான் இருக்கும். அப்பவும் இவன் பொறுங்கன்னுதான் சொல்லுவான்." வீரம்மா அடுப்பைப் பார்த்தபடி பேசினார். "ஏறும்னா நான் அத வச்சிருந்தேன்? எம்பேருல வேற எதையும் வைக்க முடியல, அதுனால வச்சிருந்தேன்."

முத்துலிங்கம் மறுபடி விலைக் கணக்கைத் தொடங்கினான். வீரம்மா அவனுக்குச் சோறு போட்டார்.

அந்த வாரமே மீட்ட வளையல்களைக் கம்பளைத் தட்டான் கடையில் எடை போட்டார்கள். ஹபீலின் மனைவி றம்லத் ஒன்றைப் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ன வளவி இது? ஒரு பூவும் இல்லாம."

"பூ போட்டிருந்தா உங்களுக்கு எடை கொறஞ்சிருக்கும்மா," என்றார் வீரம்மா.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு காணி உறுதியின் வரைவை வாசித்துவிட்டு, யார் பெயரில் எழுதுவது என்று கேட்டார். காளிமுத்து மனைவியைக் காட்டினார். "அவ பேருல எழுதுங்க. நான் ஒருநாள் இந்தியாவுக்குப் போனாலும் போயிருவேன்." ஹபீல் வாய்விட்டுச் சிரித்தார்.

போர் முடிந்த 2009ஆம் வருடத்தில், பவுன் அவர்கள் கொடுத்த விலையைப்போல இரண்டரை மடங்கில் நின்றது. ஐந்து பேர்ச்சஸில் இரண்டு அறைகள் எழும்பியிருந்தன, ஒன்றுக்குக் கூரை இன்னும் தகரம்தான். முத்துலிங்கம் வாசலில், கடனுக்கு வாங்கிய தன் த்ரீவீலைத் துடைத்துக்கொண்டே சத்தமாகக் கணக்குப் போட்டான். இப்போது விற்றிருந்தால் காணியும் வந்திருக்கும், வீட்டில் பாதியும் முடிந்திருக்கும், வண்டியின் கடனும் தீர்ந்திருக்கும்.

கணக்கு சரிதான். வீரம்மாவும் அதை மறுக்கவில்லை.

"தண்ணி பைப்புக்கு எழுதிக் குடுக்கச் சொன்னேனே, குடுத்தியா?"

"போனேன். காணிக்காரர் கையெழுத்து இல்லாம எடுக்கமாட்டாங்களாம். உறுதியக் கொண்டுகிட்டு நீங்கதான் வரணுமாம்."

"பொறு, சீலை மாத்திக்கிட்டு வாறேன்," என்று வீரம்மா உள்ளே போனார்.