எங்கள் அக்கா வைத்தியர் அல்லர்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து, நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பீர்கள். பந்தி தொடங்குவதற்குள் வாசித்து முடிக்கக்கூடிய அளவில் எழுதும்படி பெரியப்பா கேட்டிருக்கிறார். முயல்கிறேன். முதலில் சில திருத்தங்கள்.

ஒன்று: அக்கா வைத்தியர் அல்லர். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் ‘பிரபல மூளை வைத்திய நிபுணர்’ என்று இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் பெரியப்பா. இரண்டு: அவர் ‘எலி வளர்த்துக்கொண்டு’ இருந்தவரும் அல்லர். செத்த வீட்டில் என் காதுபட இதைக் கதைத்தவர்களுக்குத் தாங்கள் யார் என்று தெரியும். மூன்று: அவர் வெளிநாடு போகாமல் விட்டது காதலால் அல்ல. உண்மையான காரணம் கீழே இருக்கிறது. வாசித்த பிறகு கதையுங்கள்.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில், அப்பாவின் கடைக்கு மேலிருந்த வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். இனக் கலவரத்தில் கடையும் வீடும் எரிந்தபோது நான் கைக்குழந்தை. அதன் பிறகு அப்பா அதிக காலம் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டுக்கு வந்தோம். அக்கா பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்து வீட்டை நடத்திக்கொண்டே பல்கலைக்கழகமும் முடித்தார். வைத்தியத்துக்கு இடம் கிடைக்காதது பற்றி உறவினர் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். துக்கப்படாத ஒரே ஆள் அக்காதான். அவர் விரும்பியது ஆராய்ச்சியை.

அவர் வெளியிட்ட கட்டுரைகள் மூன்று. அவை என்ன சொல்கின்றன என்பதைத் தமிழில் எழுதுகிறேன் என்றதும் பெரியப்பா முகத்தைச் சுழித்தார். “அந்தியேட்டிப் புத்தகத்தில சாவு சாவு எண்டு எழுதாத, பிள்ளை. வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்?” சாவைப் பற்றித்தான் அக்கா படித்தார், நான் என்ன செய்வது? தலையில் பலத்த அடி விழும்போது மூளையின் எல்லாக் கலங்களும், அதாவது செல்களும், அந்த நொடியிலேயே சாவதில்லை. அடிபட்ட இடத்தில் இருப்பவை உடனே சாகும். சற்றுத் தள்ளி இருப்பவை மணிக்கணக்கில், நாட்கணக்கில் தாமதித்து, தமக்குள்ளே இருக்கும் ஓர் ஒழுங்கின்படி தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும். அக்காவின் முதற் கட்டுரை இந்தத் தாமதத்தை அளந்தது. இரண்டாவது, அது மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் நடக்கிறது என்று காட்டியது. மூன்றாவதன் கேள்வி, அந்த இடைவெளிக்குள் மருந்து கொடுத்தால் அக்கலங்களில் சிலவற்றையாவது காப்பாற்றலாமா என்பது. குண்டு வெடிப்பது அன்றாடமாகிச் செய்தியாகவே இல்லாமற்போன நகரத்தில் இது சும்மா பொழுதுபோக்கு இல்லை.

அந்த மூன்றாவது கட்டுரையில்தான் எல்லாம் தங்கியிருந்தது. அதன் முடிவுகள் உரிய காலத்தில் வந்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புலமைப்பரிசிலோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவை விட அம்மாவே அதற்காகக் காத்திருந்தார். “ஒரு பிள்ளையாவது அடையாள அட்டையைத் தலைமாட்டில வைக்காம நித்திரை கொள்ளட்டும்” என்பார்.

ஆய்வுகூடத்தில் மின்சாரம் அடிக்கடி நிற்கும். அங்கிருந்த ஜெனரேட்டர் எப்போதும் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் மாடிக் கட்டடத்து ஜெனரேட்டர் வேலை செய்தது. ஆகவே மெல்லியதாய்ச் சீவிய எலி மூளைத் துண்டுகளைச் சிறு சீசாக்களில், உறையாத ஒரு திரவத்தில் இட்டு, அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவை எப்போதும் உறைநிலைக்குக் கீழே இருக்க வேண்டும்.

“எலியின்ர மூளையை என்ர சமையலறையிலயோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை!” என்றார் அம்மா.

“நாளைக்குக் கொண்டு வந்தா சனிக்கிழமை எண்டுவீங்கள், அம்மா.”

“வாய் காட்டாத. மரக்கறிக்குப் பக்கத்தில வைக்க விடமாட்டன்.”

முடிவில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கி எங்கள் படுக்கையறையில் வைத்தோம். வெள்ளிக்கிழமைகளில் அதைத் திறப்பதில்லை என்பது அம்மாவின் நிபந்தனை. அக்கா தம் பரிசோதனை அட்டவணையையே அதற்கேற்ப மாற்றினார்.

ஒரு விடிகாலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டைகள், வேலைத்தளக் கடிதங்கள் எல்லாம் கோப்பில் வரிசையாக வைத்திருந்தேன். அவற்றை யாரும் பார்க்கவில்லை. படுக்கையறைக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சீசாக்களைப் பார்த்தார்கள். நிறமற்ற திரவம். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ‘காயம், 6 மணி’, ‘காயம், 24 மணி’, ‘காயம், 72 மணி’.

“மொனவத மே?” இது என்ன என்று கேட்டார் வந்த அதிகாரி.

அக்கா நல்ல சிங்களத்தில், எலி மூளை என்றார். உண்மையைச் சொல்லி இவ்வளவு மோசமாக அகப்பட்ட வேறு ஆளை நான் பார்த்ததில்லை. ஜீப்பில் அக்காவும் போனார், ஒரு பெட்டியில் அடுக்கிய சீசாக்களும் போயின.

அம்மா பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்ல, நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். பெரியப்பா கோட் போட்டுக்கொண்டு அங்கே வந்தார். பொறுப்பதிகாரியின் முன் நின்று, வங்கி முகாமையாளராக இருந்து பழகிய ஆங்கிலத்தில், “இவர் மிகப் பெரிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்” என்று அறிவித்தார். அந்த நிமிடம் வரை சந்தேகம் சீசாக்களின் மேல் மட்டும்தான் இருந்தது. பொறுப்பதிகாரி ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். அப்படி ஒரு நிபுணர் இல்லை என்றார்கள். எப்படி இருப்பார்? இப்போது அக்கா ஆள்மாறாட்டமும் செய்தவராகி விட்டார்.

“பெரியப்பா, நான் டொக்டர் இல்லை எண்டு எத்தனை தரம் சொன்னனான்?”

“நீ சும்மா இரு, பிள்ளை. டொக்டர் எண்டாத்தான் இவங்கள் மதிப்பாங்கள்.”

“என்னை ஒருதரும் மதிக்க வேண்டாம். அந்தப் பெட்டியை ஆராவது குளிருக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ.”

சீசாப் பெட்டி யன்னலோர மேசையில் வெயிலில் இருந்தது. தண்ணீர் வேண்டுமா, வீட்டுக்கு ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டபோதெல்லாம் அக்கா அந்த மேசையையே காட்டினார். கடைசியில் வயதான சார்ஜன்ட் ஒருவர் அதைத் தூக்கிப்போய், பொறுப்பதிகாரியின் பிரிட்ஜில் மேல்தட்டிலிருந்த யோகட்டுகளை ஒதுக்கி உள்ளே வைத்தார். அவருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மத்தியானம் போல அக்காவின் பேராசிரியை வந்தார். “இவர் வைத்தியர் அல்லர், என் ஆராய்ச்சி உதவியாளர், சீசாவில் இருப்பது எலி மூளை” என்றார். அக்கா விடியத் தொடக்கம் சொன்னதும் இதேதான். பேராசிரியை சிங்களப் பெண்மணி என்பதால் அது இப்போது நம்பக்கூடியதாகி விட்டது. வீடு திரும்பும்போது பெரியப்பாவுக்குப் பொலிஸ் மேல் கோபமே இல்லை. “உதவியாளரோ? இவ்வளவு படிச்சு உதவியாளரோ?” என்று பம்பலப்பிட்டி தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பா, இதை அச்சிட நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

சீசாக்கள் எல்லாம் முழுதாகத் திரும்பி வந்தன. அதுதான் சிக்கல். அந்தத் திரவம் உறையாது. ஆகவே அது சூடேறியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சாகும் கலங்களில் மட்டும் பிடிக்கும் சாயத்தை முதலில் இட்டுப் பார்ப்போம் என்றார் பேராசிரியை. நானும் அதையே சொன்னேன். நான் மின்னியல் படித்தவள். கருவி கீழே விழுந்தால் முதலில் போட்டுப் பார்ப்போம், உடனே எறிய மாட்டோம்.

“வேலை செய்யிற மாதிரித்தான் தெரியும்” என்றார் அக்கா. “பிறகு ஒரு கலம் மங்கலாத் தெரிஞ்சா, அது மருந்தால தப்பினதோ, பொலிஸ் மேசையில சாயம் பிடிக்காம பழுதாப்போனதோ எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?”

“ஆருக்கடி அது தெரியப்போகுது?” அம்மா அழுதார். “இதை அனுப்பிப்போட்டுப் போ. பிளேன் ஏறினாப் பிறகு திருப்பிச் செய்.”

அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். புலமைப்பரிசில் வேறு ஒருவருக்குப் போனது. வெளிநாடு போகாத காரணம் இதுதான். அம்மா அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, “சொல்லு, ஆறுது” என்று என்னிடம் சொல்வார். மூன்று பேர் வாழும் வீட்டில் தந்தி அலுவலகமாக இருப்பது எவ்வளவு களைப்பு என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

இரண்டாம் தொகுதி மாதிரிகள் அதே குளிர்சாதனப் பெட்டிக்குள் நிறைந்துகொண்டு வந்தபோது அக்காவுக்கு இரத்தத்தில் நோய் கண்டுபிடித்தார்கள். வார்டில் கட்டிலிலிருந்தே எண்களைச் சரிபார்த்து எழுதினார். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடிபட்டவுடன் விரைவாகக் கொடுத்தால் மருந்து சில கலங்களைக் காக்கிறது, பிந்தினால் இல்லை என்பதே அதன் முடிவு. அச்சான பக்கத்தைக் காட்டியபோது, “படம் ரெண்டு மங்கலா விழுந்திருக்கு” என்றார். பாராட்டப் போன எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அடுத்த மாதம் காலமானார்.

நன்றி கூற வேண்டியோர்: வார்டில் முறை மாற்றி எங்களை நிற்கவிட்ட தாதியர், இரத்தம் தந்த, எங்களில் பலருக்கு முகம் தெரியாத மாணவர்கள், இடியப்பமும் சொதியும் தினமும் அனுப்பிய கீழ்மாடி வீட்டார், வடக்கிலிருந்து வரப் பாதை கிடைக்காமல் தொலைபேசியில் அழுத உறவினர், அன்றைய சார்ஜன்ட், இந்த மலரின் செலவை ஏற்ற பெரியப்பா.

எட்டுச்செலவுச் சடங்குக்கு மறுநாள் பேராசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அக்காவின் பரிசோதனையைத் திருப்பிச் செய்யப் போகிறதாம். தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். உங்கள் நாட்டு நிலைமையை அறிவோம், மாதிரிகள் எப்போதாவது குளிர் விட்டிருந்தனவா? அக்கா வார்டில் இருந்த மாதங்களைப் பற்றித் தமக்குத் தெரியாது என்றும், அதனால் பதில் எழுதுமுன் கேட்க வந்ததாகவும் பேராசிரியை சொன்னார். அந்த மாதங்களில் பகலில் நான் வேலையில், மாலையில் வார்டில். எனக்கும் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“என்னவாம்?” என்று கேட்டார் அம்மா. மொழிபெயர்த்தேன்.

“இல்லை எண்டு எழுதச் சொல்லு. ஜெனரேட்டர் நிண்ட நேரமெல்லாம் நான்தான் மீன் கடையில ஐஸ் வாங்கி வந்து அடுக்கினனான். ஒருக்காலும் சூடு ஏற விடேல்லை.”

மீன் கடைப் பக்கமே போகாத அம்மா. அக்காவுக்கோ எனக்கோ அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. பேராசிரியை அங்கேயே உட்கார்ந்து பதிலை எழுதினார்.