எக்ஸ்ரே அக்காவும் ஒரு ஸ்நார்கல் குழாயும்

என் கணவருடைய அக்கா எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் பம்புகளுக்கும் முகமூடிகளுக்கும் போகிற சின்னச் சின்ன ரப்பர் வால்வுகள் செய்கிறார்கள். சட்டைப் பட்டன் அளவில் ஒரு வட்ட மடல். காற்றோ தண்ணீரோ ஒரு பக்கமாகப் போகலாம், திரும்பி வரக்கூடாது. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்து, குனிந்து பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை இன்னொரு தட்டிலும் போடுவாள். வருஷக்கணக்காக இதே வேலை. கம்பெனிக்கு வெளியேயும் அவளால் அதை நிறுத்த முடியவில்லை. நான் காபி கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம் அவருடைய மேலதிகாரியின் போன் நம்பரைக் கேட்டாள். அந்தக் காலத்தில் வந்த வரன்களையெல்லாம் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, ஒருத்தர் விடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று என் கணவர் சொல்வார். இத்தனை வருஷம் அவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியும், என்னை அவள் எந்தத் தட்டில் போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நீச்சல் குளம் ஒன்றுதான் விதிவிலக்கு. காலையில் வேலைக்குப் போகும் முன் பொதுக் குளத்தில் நீந்திவிட்டு வருவாள். வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் அவளிடம் எதையும் கேட்கலாம், சில சமயம் சிரிக்கக்கூடச் செய்வாள். நானும் வீட்டு விவகாரங்களை எல்லாம் அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பேன்.

அதற்கும் ஒரு வேட்டு விழுந்தது. விரல் மரத்துப் போகிறது, வால்வு கையிலிருந்து நழுவுகிறது என்று டாக்டரிடம் போனாள். கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்றார் அவர். மூச்சு இழுப்பதற்காகத் தலையை வெடுக் வெடுக்கென்று திருப்பி நீந்தக்கூடாது, நீந்தியே ஆகவேண்டும் என்றால் ஸ்நார்கல் குழாய் ஒன்றை வாயில் கவ்வி, அது வழியாக மூச்சு விட்டுக்கொண்டு முகத்தை நிமிர்த்தாமல் நீந்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றார். குழாய்க் கடைக்காரனிடம் டாக்டருக்குக் கமிஷன் இருக்கும் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு நீச்சலை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதும் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டாலே என் கணவர் குளியலறைக்குள் போய்விடுவார். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. காலையில் எழுந்து நீச்சல் பையை எடுத்து, தோளில் மாட்டி, பிறகு கழற்றி ஆணியிலேயே தொங்கவிடுவாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நானே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் அகன்ற தோளும் பொறுமையும் உள்ளவர். பொறுமை கொஞ்ச நேரம்தான் இருந்தது. முதலில் விலை உயர்ந்ததை எடுத்து வைத்தார். உச்சியில் ஒரு மிதவை, தண்ணீருக்குள் போனால் தானாக மூடிக்கொள்ளுமாம். அக்கா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். மிதவைக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் மூடுமா என்று கேட்டாள். மாட்டாது என்றார் அவர். அது மாட்டாதா, மூடாதா என்று தெளிவாகச் சொல்லச் சொன்னாள். அடுத்ததில் வாய்க்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு வால்வு இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓரத்தில் பிசிறு இருப்பதாகக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை.

"இதை யார் பார்த்து பாஸ் பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தொங்கவிட்டிருந்த கால்பந்துகளைப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக வளைகிற குழாய் ஒன்றும் வந்தது. மடிப்புக்குள் அழுக்குத் தங்கும் என்று அதுவும் தள்ளுபடியானது. கடைசியில் அவர் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். வளைந்த ஒரே ஒரு குழாய், ஒரு நுனியில் வாயில் கவ்விக்கொள்ளும் சிலிக்கோன் துண்டு, மறு நுனி திறந்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

"மூச்சடக்கி ஆழத்துக்குப் போறவங்க இதைத்தாம்மா வாங்குறாங்க. கெட்டுப் போறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

அக்கா விடவில்லை. தண்ணீர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்றாள். பலமாக ஒரு ஊது ஊதினால் வந்த வழியே போய்விடும் என்றார். ஆழத்துக்குப் போகிறவர்கள் ஊதுவார்களா என்றாள். அவர்கள் மேலே மிதந்தபடி நிதானமாக மூச்சு விட்டுக்கொள்ளத்தான் இது, கீழே போகும் முன் வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். எடுத்துவிடுகிற சாமானை எதற்கு வாங்குகிறார்கள் என்று இவள் கேட்க, அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். இன்னும் நீளமாக இருக்கிறதா என்று வேறு கேட்டு வைத்தாள். நீளம் கூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும், நல்லதில்லை என்றார். ஸ்டாக் இல்லை, அதனால்தான் இப்படிச் சொல்கிறான் என்று என் காதில் சொன்னாள், கடை முழுக்கக் கேட்கும்படி. கவ்வும் இடத்தைக் கடித்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது, வாங்கிவிட்டுக் கடியுங்கள் என்று அவர் கும்பிட்டார். இருப்பதிலேயே அதுதான் மலிவு. அந்த மலிவிலும் அவளுக்குச் சந்தேகம். ஆனாலும் வாங்கிவிட்டோம்.

பஸ்ஸில் அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த நுனியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "தொறந்தே கெடக்கே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் தூங்குவது போல இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை குளத்துக்கு நானும் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது, துண்டு பிடிக்கத் தெரியும். அவள் தொப்பி மாட்டும்வரை குழாயை என்னிடம் கொடுத்தாள். பார்த்தால் அதன் உச்சியில் ஒரு ரப்பர் மடல் கச்சிதமாகப் பொருத்தப்பட்டிருந்தது. கம்பெனி வால்வு. சாம்பிள் என்று கேட்டு வாங்கி வைத்திருந்தாளாம். இழுத்தால் திறந்து காற்று வரும், மற்ற நேரம் மூடியே இருக்கும், மேலே தெறிக்கிற தண்ணீர் உள்ளே வராது. மூச்சை மூக்கு வழியாக விட்டுக்கொள்வாளாம், வாளித் தண்ணீரில் முகத்தை விட்டுப் பார்த்தாயிற்றாம். வால்வையே நம்பாதவள் இதை மட்டும் எப்படி நம்பினாள் என்று கேட்டேன்.

"இது என் கண்ணால பார்த்து பாஸ் பண்ணினது."

கறுப்புக் கண்ணாடி போட்ட குளத்துக் காவலர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் தூங்குகிறானா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கயிறு கட்டிப் பிரித்த ஓர வரிசையில் இறங்கினாள். பாதி தூரம் அழகாகத்தான் போனாள். தலை திரும்பவே இல்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போது பக்கத்து வரிசையில் ஒரு தடியர் தொப்பென்று குதித்தார். அலை அவள் தலைக்கு மேலே போனது. சரியாக அந்த நேரம் அவள் மூச்சை இழுத்திருக்கிறாள், மடல் திறந்திருக்கிறது, காற்றோடு தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. கடைக்காரர் சொன்னபடி பலமாக ஊதினாள். மடல் தன் வேலையைச் செய்தது. இறுக மூடிக்கொண்டது. தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றது, அடுத்த மூச்சில் அதை அப்படியே விழுங்கினாள்.

கைகால் உதறியபடி அவள் எழுந்த கோலத்தைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன். காவலர் எனக்கு முன்னால் தண்ணீரில் இருந்தார், தூங்கவில்லை. ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமி இருமி, கண்ணெல்லாம் சிவந்து, மூச்சு திரும்பியதும் அவள் முதலில் பார்த்தது என்னைத்தான்.

"உன்கிட்ட குடுத்தேனே, என்ன பண்ணினே இதை?"

எனக்கு வந்த கோபத்தில் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கால்தான் வரவில்லை. இத்தனை வருஷம் காபி போட்டுக் கொடுத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அங்கேயே உட்கார்ந்தேன். அவள் குழாயிலிருந்து மடலைக் கழற்றினாள். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். கிழிசல் இல்லை, பிசிறு இல்லை. மறுபடி பொருத்தி வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது, மடல் அசையவில்லை. இன்னொரு தடவை ஊதினாள்.

"இதுல ஒரு குறையும் இல்ல" என்றாள். குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது பாவமாக இருந்தது. போதும், வீட்டுக்குப் போகலாம், இனிமேல் இந்தப் பக்கமே வேண்டாம் என்று அவள் கரையேறினாள். இப்போது போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. குழாயைப் பிடுங்கி, மடலைக் கழற்றி என் பைக்குள் போட்டேன்.

"நான் ஓரமாவே கூட நடந்து வரேன். ஆள் குதிச்சா, அலை வந்தா நான் பார்த்துக்கறேன். நீங்க ஊதறதை மட்டும் பாருங்க."

என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருந்தேன். அவள் குழாயை வாங்கிக் கவ்விக்கொண்டு தண்ணீரில் குப்புற விழுந்தாள்.

நான் கூடவே நடந்தேன். அந்தத் தடியர் மறுபடி குதிக்க ஓடி வந்தார், நான் கையை நீட்டி ஒரு அதட்டல் போட்டேன், நின்றுவிட்டார். இருந்தும் நடுவில் எங்கிருந்தோ ஒரு அலை வந்து குழாயை நனைத்தது. எனக்குத்தான் மூச்சு நின்றது. புஸ்ஸென்று ஒரு சத்தம். தண்ணீர் மேலே பீய்ச்சிக்கொண்டு வந்தது, என் சேலை நனைந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை, நான் இருக்கிறேனா என்றுகூடப் பார்க்கவில்லை. அப்படியே போய்ச் சுவரைத் தொட்டாள்.

எழுந்து நின்று குழாயை வாயிலிருந்து எடுத்தாள். கழுத்தைத் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள்.

"வலிக்கல" என்றாள். முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருந்தது. "ஏன் வலிக்கல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெரியவில்லையே அக்கா என்றேன்.

"எதுக்கும் இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று குழாயைக் கவ்வப் போனவள், நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீ வர்றேல்ல?"