மேம்பாலத்தடி நிறுத்தம்

மருத்துவமனை வாயிலுக்கு எதிரே முன்பு ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. மேம்பாலம் எழுந்தபின் நகரப் பேருந்துகள் அதன்மேல் ஏறிச் சென்று, மறுமுனையில் இறங்கிய பிறகே நின்றன. பழைய நிழற்குடை மட்டும் பாலத்தடியில் அப்படியே இருந்தது. அதில் ஒரு பழக்கடை குடியேறிவிட்டது.

போத்தனூர்ப் பக்கமிருந்து காலைப் பேருந்தில் வருவோர் மறுமுனையில் இறங்கி, ஓயாத வண்டிகளுக்கிடையே சாலையைக் கடந்து, வந்த வழியே மருத்துவமனைக்குத் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், முழங்கால் பயிற்சிக்காக அங்கே சென்றுவந்த மாதங்களில் அவ்வாறு நடந்தவர்களுள் ஒருவன். முழங்காலைச் செம்மைப்படுத்தச் சென்றவன் அதனை வழியிலேயே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

என் துன்பம் பெரிதன்று. அதே பேருந்தில் வந்த அம்மையார் ஒருவர் மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர். ஏழு மணிக்குக் கையொப்பமிட வேண்டியவர், இந்த நடையால் அடிக்கடி பிந்தினார். இனியும் பிந்தினால் பிற்பகல் பணிக்கு மாற்றிவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். பிற்பகல் பணி முடியும் வேளையில் அவருடைய ஊருக்குப் பேருந்து கிடையாது. ஆகவே மாற்றினால் அவர் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

“முந்தின பஸ்ல வந்தறதுதானே அம்மணி?” என்று கேட்டார், உடன் வரும் கடைசல் பட்டறைத் தொழிலாளி.

“இதுதாங்கண்ணா மொத பஸ்ஸே. இதுக்கு முந்தி நடந்துதான் வரோணும்.”

தொழிலாளி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க வாத்தியாரய்யா, ஒரு மனு எழுதிப்போடுங்களே.”

மூன்று பக்கங்களில் எழுதினேன். படித்துப் பார்த்த தொழிலாளி, “இதுல பஸ்ஸு எங்கீங்க வருது?” என்றார்.

“இரண்டாம் பக்கத்தில்.”

“இங்கயும் லேட்டாத்தான் வருதுங்க!”

ஆயினும் பயணியர் பலரும் கையொப்பமிட்டனர். வழித்தடங்களை வகுக்கும் அலுவலகத்தில் நேரில் கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்து, காலை வேளையில் அலுவலர் ஒருவர் மறுமுனை நிறுத்தத்துக்கே வந்தார். தென்மாவட்டத்துக்காரர், பொறுமையானவர். இறங்கிய எங்களை நிறுத்தி, “இங்க இறங்குறதுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?” என்று கேட்டார்.

“கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். நடந்துக்கறமுங்க” என்றார் அம்மையார்.

“நீங்க இத்தன தூரம் வந்ததே போதுமுங்க. டீ சாப்படறீங்களா?” என்றார் தொழிலாளி.

அலுவலர் என்னை நோக்கினார். “மனு எழுதுனது நீங்கதானே? நீங்க சொல்லுங்க.”

“காலையில் சற்று நடப்பது உடலுக்கு நன்றுதான். தங்களைத்தான் அலைக்கழித்துவிட்டோம்” என்றேன்.

தேடி வந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்கள் பக்கத்தில் நா எழாது. ஊர்தியிலிருந்து இறங்கிய நொடியிலேயே அவர் எங்களுக்கு விருந்தினராகிவிட்டார். அவரோ நாங்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். களஆய்வில் பயணியர் எவரும் குறை தெரிவிக்கவில்லை என்று மறுமொழி வந்தது.

அதைப் பேருந்தில் படித்துக் காட்டினேன். அம்மையார் சினந்தார்.

“நானாச்சும் பயந்துட்டுச் சொல்லிப்போட்டேன். நடக்கறது ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்க சொல்லலாமுங்களாய்யா? நான் என்ன ஒடம்பு எளைக்கறதுக்கா நடக்கறேன்?”

பேருந்தே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் பிந்தினால் மாற்றம் உறுதி என்று அவரிடம் முதல்நாள்தான் எழுதி வாங்கியிருந்தார்கள்.

அன்றே இரண்டாம் விண்ணப்பத்தை எழுதினேன். நான்கே வரிகள். ஒரு நாள் காலைப் பேருந்தில் எங்களோடு வந்து, மருத்துவமனை வாயில்வரை நடக்க வேண்டுகிறோம். எங்களிடம் எதுவும் கேட்க வேண்டா, கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டோம் என்பதே அதன் சாரம்.

அலுவலர் அடுத்த வாரமே வந்தார். பேருந்திலிருந்து இறங்கியதும் அம்மையார் வழக்கம்போல் விரைந்தார். அலுவலர் சாலையோரத்தில் கையை உயர்த்தியபடி நின்றுவிட்டார். எந்த வண்டியும் நிற்கவில்லை. “பாத்து வாங்க சார், அந்த லாரி நிக்காதுங்க!” என்று எதிர்ப்புறமிருந்து அம்மையார் கூவினார். பிறகு, “நேரமாச்சுங்க, வாரேனுங்க” என்று ஓடினார்.

நாங்கள் வாயிலை அடைந்தபோது அவர் வருகைப் பதிவேட்டின் முன் தலைகுனிந்து நின்றிருந்தார். மேற்பார்வையாளர் பதிவேட்டை மூடிவிட்டிருந்தார். அலுவலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பின்னர் மேற்பார்வையாளரிடம் சென்று, “இது இந்தம்மா தப்பு இல்லீங்க, பஸ் ரூட்டோட தப்பு. சரி பண்றவரைக்கும் கொஞ்சம் பொறுங்க” என்றார். பதிவேடு மீண்டும் திறந்தது.

இரு வாரங்களில் காலைப் பேருந்து மட்டும் பாலத்தில் ஏறாமல் கீழே சென்று பழைய நிறுத்தத்தில் நின்றது. பழக்கடை நிழற்குடையின் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டது. அம்மையார் காலைப் பணியிலேயே நீடித்தார்.

சில நாள் கழித்து, அலுவலர் அந்த நிறுத்தத்தைப் பார்க்க வந்தார். “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

அம்மையார் பையைக் கீழே வைத்தார். “காலைல தேவலைங்க சார். சாயங்கால பஸ்ஸு இன்னும் மேலதானுங்க போவுது. அதையுங் கீழ உடோணுமுங்க.”

அலுவலர் குறித்துக்கொண்டார். அருகில் நின்ற நான், தேநீர் அருந்துகிறீர்களா என்று அவரைக் கேட்டேன்.