சமைச்சது நானுங்க

வீட்டில் ரூம் விட்டுச் சாப்பாடும் போடுகிற தொழிலுக்கும், சொந்தக்காரர்கள் வந்து தங்குவதற்கும் ஒரே ஒரு வித்தியாசந்தான்: சாப்பாடு எப்படி இருந்தது என்பதை விருந்தாளிகள் நம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள், சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

ஏற்காட்டில், ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சும்மா கிடந்த மாடி ரூம் ரெண்டையும் வெள்ளையடித்து வாடகைக்கு விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்’ என்று போர்டில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கும், நாலு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கும் இதெல்லாம் புதிதாக இருக்காது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

கைப்பக்குவம்

எங்கள் வீட்டில் சமையல் நான்தான். என் மனைவி சரோஜா கணக்கு டீச்சர். சேலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. விடியக்காலை பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறி வருவாள். மகள் கவிதா பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கொஞ்ச நாள் பாக்ஸ் கொண்டுபோன மாதிரியே திரும்பி வந்தது. அப்புறம் பாதி காலியாக வந்தது. கடைசியில், இன்னும் ஒரு கரண்டி சேர்த்து வையுங்கள் என்று அவள் சிநேகிதிகள் சொல்லியனுப்பினார்கள். நான் படித்த சமையல் படிப்பு அவ்வளவுதான்.

இது வருகிறவர்களுக்குத் தெரியுமா? முதன்முதலில் சென்னையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மிளகு ரசம், வாழைப்பூ வடை செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சரோஜா வீட்டில் இருந்தாள். அவள் பரிமாற, நான் அடுக்களை வாசலில் நின்றேன். அந்த அம்மா மறுபடியும் குழம்பு ஊற்றிக்கொண்டு, இந்தக் கைப்பக்குவம் எப்படி வந்தது என்று சரோஜாவைக் கேட்டார். டீ போடுவதற்கு மேல் ஒன்றும் தெரியாத சரோஜா கொஞ்சமும் அசரவில்லை. எல்லாவற்றையும் அளவாகப் போட வேண்டும், அடுப்பைச் சிம்மில் வைக்க வேண்டும், கவனம் சிதறக்கூடாது என்று வகுப்பே எடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் கரண்டியோடு முன்னால் வந்தேன். அந்தக் கணவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என் மனைவிக்குக் கூடமாட எடுத்துக் கொடுக்கிறவன் என்று முடிவு செய்துகொண்டு, என் தோளைத் தட்டிச் சொன்னார்:

“பக்கத்துலயே நின்னு பாத்துக் கத்துக்கங்க சார். இப்படி ஒரு சம்சாரம் அமைய நீங்க குடுத்து வெச்சிருக்கணும்.”

காய்ச்சல்

இன்னொரு தடவை, பள்ளிக்கூட லீவில், ரெண்டு ரூமும் நிறைந்திருந்த நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வந்திருந்தது மதுரைக்காரர்கள்: ஒரு பெரியவர், அவருடைய மகன், மருமகள். முதல் நாள் முழுக்க என் சமையலைச் சாப்பிட்டு, சரோஜாவைப் பாராட்டித் தள்ளியவர்கள். மறுநாள் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஓட்டலில் வாங்கிவிடலாம் என்றேன். பாராட்டு வாங்கின தெம்பில் இருந்த சரோஜா, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

அடுக்களைக் கதவு எனக்குத் தெரியும்படிதான் படுத்திருந்தேன். அவள் அடிக்கடி வாசலுக்கு வந்து சந்தேகம் கேட்டாள். பருப்பு வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும், தாளிப்பது முதலிலா கடைசியிலா, சாம்பார் ஏன் ரெண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் போர்வைக்குள்ளிருந்து பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பளம் கருகும் வாடை வந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜைப் பக்கம் தண்ணீர் டம்ளர் வைக்கிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாத்திரை போட்டீர்களா என்று அக்கறையாக விசாரித்தார். எழுந்து போகும்போது, மனசு கேட்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நேத்து அம்மா சமையல் அமிர்தம் சார். இன்னைக்கு இந்தக் காய்ச்சலோட எந்திரிச்சு நீங்க சமைச்சிருக்க வேணாம்.”

பட்டர் ஃப்ரூட்

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ரெண்டு பெண்கள் வந்து தங்கினார்கள். காலை டிபனுக்கு ரொட்டி மேல் அவகேடோ தடவிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் அந்தப் பேரைக் கேள்விப்பட்டதில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், அதெல்லாம் மலைக்கு மேலே வராது, சேலத்தில் பெரிய கடைகளில் பார்த்தால் கிடைக்கும் என்று அடித்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் என் பேச்சை நம்பி, காரை எடுத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது மத்தியானம். ஒரு பெண் வளைவுகளில் வாந்தி எடுத்துக் கிறங்கிப்போயிருந்தாள். இன்னொருத்தி பையைப் பிரித்து, பஞ்சு வைத்துச் சுற்றியிருந்த பழங்களை மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பார்த்தால், எல்லாம் பட்டர் ஃப்ரூட். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அந்த மரம் ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. பழம் விழுந்து ஓடு உடைகிறதென்று அதை வெட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறைத்து என்ன ஆகப் போகிறது? அவர்களைப் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன். மரத்தடியில் பழங்கள் சிதறிக் கிடந்தன. பக்கத்து வீட்டுக் குப்பாயியக்காவின் மாடு அதில் ஒன்றை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்கள் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாட்டைப் பிடிக்க வந்த குப்பாயியக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவர்களைச் சமாதானப்படுத்தினார்:

“இதுக்கா கண்ணு சேலம் வரைக்கும் போனீங்க? எங்க மாட்டுக்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு விட்டு வெச்சிருக்குமே.”

சவ்சவ்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் காய் வாங்குவது பக்கத்துச் செம்மநத்தம் கிராமத்துப் பாப்பாத்தியிடம். வாங்குவது என்பது பேச்சுக்குச் சொல்வது. என் வீட்டில் அந்த வாரம் என்ன சமையல் என்பதை முடிவு செய்வது பாப்பாத்திதான். பீன்ஸ் கேட்டால் முத்திப்போய்விட்டது என்பார். முட்டைக்கோஸ் கேட்டால் பூச்சி இருக்கிறது என்பார். என் கண் முன்னாலேயே அந்தப் பீன்ஸை வேறொருவர் வாங்கிப் போவார், அதைக் கேட்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை. எஸ்டேட்டில் நூறு ஆள்களை அதட்டி வேலை வாங்கியவன் நான்.

ஒரு வாரம் பாப்பாத்தி வீட்டுப் பந்தலில் சவ்சவ் காய்த்துத் தள்ளிவிட்டது. ஒரு மூட்டையை என் வண்டியில் ஏற்றிவிட்டார். அந்த வாரம் பார்த்துத் திருச்சியிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து தங்கியது. வந்த அன்றைக்குச் சவ்சவ் கூட்டு. ராத்திரி சவ்சவ் சட்னி. மறுநாள் பொரியல், சாம்பார், பஜ்ஜி. ஒரே காய் என்று தெரியாமலிருக்க ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி நறுக்கினேன். கடைசி நாள் துருவி, நெய்யும் சர்க்கரையும் போட்டு அல்வா கிண்டினேன். அவர்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை, நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். புறப்படும்போது மாப்பிள்ளை மட்டும் தனியாக என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டார்:

“அந்தக் காய் பேரு என்னன்னு சொல்லுங்க சார். ஊருக்குப் போயித் தெரியாம வாங்கிடக் கூடாதுல்ல.”

ஜெய்ப்பூர் நினைவு

கவிதாவுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு நானும் சரோஜாவும் ஜெய்ப்பூருக்கு டூர் போனோம். சரோஜா கோட்டை கோட்டையாகப் பார்த்தாள். எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அங்கே சாப்பிட்ட தால் பாட்டிதான். கோதுமை உருண்டையைத் தணலில் சுட்டு, உடைத்து, நெய்யில் குளிப்பாட்டி, மேலே பருப்பை ஊற்றித் தருவார்கள். ஓட்டல் அடுக்களையை எட்டிப் பார்த்து, கூடுமானவரை மனசில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சேலத்தில் மார்பிள் கடை வைத்திருக்கிற ஒரு ராஜஸ்தான்காரர் குடும்பத்தோடு வந்து தங்கினபோது, என் வித்தையைக் காட்ட நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தணலுக்கு எங்கே போவது? உருண்டைகளைக் குழிப்பணியாரச் சட்டியில் போட்டுச் சுட்டேன். பருப்பு சப்பென்று இருந்த மாதிரி தெரிந்ததால் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினேன். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்தேன். மலையில் விளைந்த மிளகு கையிலிருக்க, அதை விடுவானேன் என்று இடித்துப் போட்டேன். பேரைச் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டு, சொந்த ஊர் ஞாபகத்தில் அவர் கண் கலங்குவதைப் பார்க்கத் தயாராக நின்றேன்.

கண் கலங்கத்தான் செய்தது, அது மிளகினால். ஆனால் மனிதர் விடாமல் சாப்பிட்டார். மறுபடியும் கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து, முகம் மலர்ந்து, நல்ல தமிழில் சொன்னார்:

“தமிழ்நாட்டுல மட்டும்தாங்க இதெல்லாம் சாப்பிட முடியும். எங்க ஊர்ல இந்த மாதிரி ஒண்ணுமே கிடையாது.”

தொக்கு

இது சின்னச் சமாசாரம். ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலைக் குப்பையில் போட மனம் வராமல் நானாக ஒரு தொக்குக் கண்டுபிடித்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினபோது, தயிர்சாதமும் அந்தத் தொக்கும் தனித்தனி டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். வியூ பாயிண்ட் பக்கம் ஒரு குரங்கு பையோடு பிடுங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர் மேல் ஏறிவிட்டதாம். தயிர்சாதத்தைத் தின்று தீர்த்ததாம். தொக்கு டப்பாவில் விரலை விட்டு நக்கிப் பார்த்ததாம். பிறகு விரலைச் சுவரில் துடைத்ததாம். அந்த வீட்டு அம்மா சாயங்காலம் டப்பாவை என்னிடம் திருப்பித் தந்து, என் மனசு நோகக் கூடாதென்று மெதுவாகச் சொன்னார்:

“தயிர்சாதத்த வழிச்சுச் சாப்பிட்டுருச்சுங்ணா. தொக்கை மட்டும் எங்களுக்கே வெச்சிட்டுப் போயிருச்சு.”

உருளைக்கிழங்கு வறுவல்

ஈரோட்டுப் பக்கத்துப் பெண் வீட்டாரும் நாமக்கல் மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் வீட்டில் சந்திப்பதாக ஏற்பாடு. பொதுவான இடமாக, குளுகுளுவென்று இருக்கட்டுமே என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டார் முதலில் வந்தார்கள். பெண்ணின் அம்மா நேராக அடுக்களைக்கு வந்து, மாப்பிள்ளையின் அம்மா சமையல் விஷயத்தில் நொம்பக் கறார் என்றும், ஏதாவது ஒரு அயிட்டத்தைத் தன் மகள் நித்யா செய்ததாகச் சொல்லிக்கொள்ள நான் சம்மதிக்க வேண்டும் என்றும் கெஞ்சினார். ஒரு பெண்ணின் கல்யாணம் கூடுகிறதென்றால் எனக்கென்ன போகிறது? வறுவலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் நான் அடுக்களைக்குள் நுழைந்துகொண்டேன். மாப்பிள்ளை கார்த்தி, கொஞ்ச நாள் முன்னால் சிநேகிதர்களோடு எங்கள் வீட்டில் வந்து தங்கின பையன். இதே வறுவலை அடுப்படியிலேயே வந்து, வாணலியிலிருந்தே எடுத்துத் தின்றவன். சாப்பாட்டுக்கு முன்னால் நடந்த பேச்சும் நல்லபடியாகப் போகவில்லை. பெண் சரியாகப் பேசவில்லை என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குறை. முகம் இறுகிப்போய்த்தான் இலை முன்னால் உட்கார்ந்தார்.

வறுவலை நான் பரிமாறும்போது, இது நித்யா கையால் செய்தது என்று பெண்ணின் அம்மா சொன்னார். கார்த்தி ஒரு துண்டை வாயில் போட்டான். மெல்வதை நிறுத்தினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அப்பளக் கூடையைப் பார்த்தேன். பையன் நல்ல பையன். குனிந்து அடுத்த துண்டை எடுத்தான். அவன் அம்மாவுக்கு வறுவல் பிடித்துவிட்டது. முகம் தளர்ந்து, இதில் என்ன பொடி போட்டாய் என்று நித்யாவை ஆசையாகக் கேட்டார். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தார். நான் சொல்லலாமா கூடாதா என்று முழித்தேன். நித்யா இலையிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் செய்யலைங்க. இவங்கதான் செஞ்சாங்க. எனக்கு நூடுல்ஸ் மட்டுந்தானுங்க வரும்.”

பெண்ணின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ரசம் ஊற்ற வந்த நான் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். கார்த்திதான் வாயைத் திறந்தான், தனக்கு நூடுல்ஸ்கூட வராது என்று. நித்யா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆம்பளை நீங்கள் எப்போது சமையல் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம்தானுங்க, சம்சாரம் வேலைக்குப் போக ஆரம்பித்ததால் என்றேன். அவர் ரசத்துக்கு இலையில் சாதத்தைக் குழித்துக்கொண்டே மகனிடம் சொன்னார்:

“கேட்டுக்கிட்டயா சாமி? கல்யாணத்துக்கப்புறங்கூடக் கத்துக்கலாமாம்.”

* * *

நன்றாகப் பசித்துக் கிடக்கிற விருந்தாளி குறை சொல்வதில்லை என்பது எனக்குத் தெரிந்துபோனதால், இப்போதெல்லாம் நான் மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்சம் தாமதமாகத்தான் போடுகிறேன்.